பழைய கூரையில் புதிய சாளரம்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவில் கூரையைப் பற்றிப் பேச மொழியியல் படித்தவர்க்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நமக்கும் இருந்தது. தச்சரோ கட்டடக்கலைஞரோ நின்று பேசவேண்டிய இடத்தில் நாம் நிற்பதற்குக் காரணம் ஒரு கையொப்பம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நம் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு வரைபடச் சுருளோடு வீட்டுக்கு வந்தார். இன்று அவரும் ஆசிரியர். யோங் பெங் நகரில் அவர் தாத்தா வாங்கிய கடைவீடு ஒன்று உண்டு. போருக்கு முற்பட்ட இருமாடி வீடு. கீழே கடை, மேலே குடும்பம், முன்னே அஞ்சடி. வீடு போதவில்லை. பிள்ளைகள் மூவர், படிக்க இடமில்லை. உடன்பிறந்தாருள் ஒருவர் விற்றுவிடலாம் என்றார். வாங்க வந்தவரோ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார். மாணவர் கண்ட வழி, ஓட்டுக் கூரைக்கு அடியில் வீணாகக் கிடக்கும் பரணை ஓர் அறையாக மாற்றுவது. அதற்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். ஆகவே கூரைச் சரிவை வெட்டி, அதில் ஒரு சன்னலை எழுப்ப ஒப்பந்தக்காரர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். வரைபடத்தில் அதன் பெயர் ‘டார்மர்’.

வீட்டு உரிமைப் பத்திரம் மாணவருடைய தாயார் பெயரில் இருக்கிறது. எண்பதைக் கடந்தவர்; தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர். புரியாத தாளில் ஒருமுறை கையெழுத்திட்டுத் துன்பப்பட்டவர். எனவே, “என்ன செய்யப்போகிறீர்கள் என்று தமிழில் எழுதிக் கொடு, பிறகு கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லிவிட்டார். மகன் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “ஐயா, டார்மருக்குத் தமிழில் என்ன?”

நாம் அன்று மாலையே அம்மையாரைக் காணச் சென்றோம். சாய்ந்த கூரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் சன்னல், அதன்மேல் ஒரு சிறு கூரை என்றெல்லாம் விளக்கினோம். அவர் முகத்தில் தெளிவில்லை. இடக்கையைச் சாய்த்துப் பிடித்து, வலக்கை விரல் ஒன்றை அதன்மேல் முன்னே நீட்டிக் காட்டினோம். அவர் உடனே சொன்னார்: “கூரைக்கு மூக்கு வைக்கப் போறீங்களா தம்பி?”

நாம் வாயடைத்துப் போனோம். ஏனெனில் நம் சிற்ப நூல்கள் இதற்கு வைத்த பெயரும் மூக்குத்தான். கூரைச் சரிவிலிருந்து முன்னே நீளும் வளைவு முகப்பை அவை ‘நாசி’, ‘நாசிகை’ என்னும். சிறியது அற்ப நாசி. சிகரத்தில் நிற்கும் பெரியது மகா நாசி. தமிழ்ச் சிற்பியர் வழக்கில் இதன் சிறு வடிவுக்குக் ‘கூடு’ என்று பெயர். நமக்குச் சொல் இல்லை என்று எண்ணி நாம் அகராதியைத் தேடிக்கொண்டிருந்தோம். சொல்லோ 1300 ஆண்டுகளாகக் கல்லில் நின்றுகொண்டிருந்தது.

மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களை நேரில் பார்க்காதவர்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. 1984இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தவை. அவற்றுள் திரௌபதி ரதம் ஓர் ஓலைக்குடிசையின் கல் வடிவம். மற்ற ரதங்களின் கூரை விளிம்பில், கபோதம் எனப்படும் வளைந்த பகுதியில், குதிரை இலாட வடிவில் சிறு சிறு வளைவுகள் வரிசையாக இருக்கும். அவையே கூடுகள். சிலவற்றின் உள்ளிருந்து ஒரு மனித முகம் எட்டிப் பார்க்கும். கல்லில் அது அணிகலன். அதற்கு மூலமான மரக் கட்டடத்தில் அது உண்மையான சன்னல். பீகாரின் பராபர் குன்றில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் குடைந்த லோமச ரிஷி குகையின் வாயிலைக் கண்டால் இது விளங்கும். வளைந்த மரக்கூரையின் முகத்தை, விட்டங்களின் முனை உட்பட, அங்கே கல்லில் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். ஓலையும் மரமும் மக்கிப் போயின. அவற்றின் சாயல் கல்லில் எஞ்சிற்று.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டியின் தகடுபோல் இருக்கும். சோழர் காலத்துக் கூட்டின் உச்சியில் சிங்க முகம் வந்துவிடும். கோயிலின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர் இதையும் ஓர் அடையாளமாகக் கொள்வர்.

நம் பேச்சுக்கு வேண்டியது அந்தக் கூட்டின் ஒழுங்கு. கூடு நினைத்த இடத்தில் நிற்பதில்லை. கீழே சுவரிலுள்ள அரைத்தூண்களின் வரிசையோடு இயைந்து நிற்கிறது. விளிம்பில் நிற்பது சிறியது. சிகரத்தில் நிற்பது பெரியது. எதுவும் தான் அமர்ந்திருக்கும் கூரையைவிடப் பெரிதாவதில்லை. பார்ப்பவர்க்கு முதலில் கூரை தெரியும், பிறகே கூடு தெரியும். பழைய வீட்டில் கூரைச் சாளரம் வைப்பதற்கு உலகில் எந்நாட்டு நெறிநூலும் சொல்வது சாரத்தில் இவ்வளவே. எஞ்சியவை அளவுகள்.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சிக்குச் சற்றே இடம் தாருங்கள், பழக்கம் விடாது. ‘டார்மர்’ என்பது உறங்குதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. உறங்கும் அறையின் சன்னல் என்பதே அதன் பொருள். பனி வழிந்து விழ வேண்டிக் குளிர்நாட்டார் கூரையைச் செங்குத்தாக எழுப்பினர். அதனடியில் இடம் மிஞ்சியது. அங்கே படுக்கையை விரித்தனர். படுக்கைக்கு வெளிச்சம் வேண்டிச் சன்னல் வைத்தனர். அவர்கள் சொல்லிலேயே அவர்கள் தேவை இருக்கிறது. நம் சொற்களைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ என்னும் சொல்லில் கால் என்பது காற்று, அதர் என்பது வழி. பலகணி என்பது பல கண்களை உடையது. நாம் இன்று சொல்லும் சன்னல், போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’. மலாய்மொழியின் ‘ஜெண்டேலா’வும் அதுவே. ஒரே கப்பலில் வந்த சொல் நாகப்பட்டினத்திலும் இறங்கியது, மலாக்காவிலும் இறங்கியது என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வோம். ஆனால் பழைய தமிழ்ச் சொல் காற்றைத்தான் முதலில் நினைத்தது.

நாம் வாழும் யோங் பெங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. இங்கே பரண் என்பது வெப்பம் தேங்கும் பெட்டி. குளிர்நாட்டுக் கூரைச் சாளரத்தை அப்படியே கொணர்ந்து கண்ணாடியிட்டு அடைத்தால், அறையில் இருப்போர் வெந்துபோவர். இந்த நிலத்தின் பழைய வீடுகள் இதை அறிந்திருந்தன. மலாய் வீட்டின் கூரைமுனையில் ‘தெபார் லாயார்’ என்னும் முக்கோணப் பலகை உண்டு. அதன் இடைவெளிகள் வழியே கூரையடி வெப்பம் வெளியேறும். கடைவீடுகளில் கூரையின் உச்சியில் மற்றொரு குட்டிக் கூரையைத் தூக்கி நிறுத்தி, இடையில் காற்று போக விடுவதுண்டு. ஆங்கிலத்தில் அதை ‘ஜாக் ரூஃப்’ என்பர். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் இவை தென்படும்.

தமிழகத்திலேயே உயிருள்ள மூக்குகளைக் காண விரும்புவோர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். திருவிதாங்கூர் மன்னரின் மர அரண்மனை அது. 1956இல் அம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதன் ஓட்டுக்கூரைகளில் முன்னே நீண்டு நிற்கும் முக்கோண முகங்கள், மரச்சட்டங்களால் சல்லடைபோல் அடைக்கப்பட்டவை. மழை உள்ளே வராது, காற்று வரும், வெயில் பொடிந்து விழும். மலையாளத்தார் அதை ‘முகப்பு’ என்பர். மூக்கு, முகப்பு, முகம் என்று சொற்களும் அந்தக் கட்டட உறுப்பைச் சுற்றியே நிற்கின்றன.

இனி, மாணவர் கொண்டுவந்த வரைபடத்துக்கு வருவோம். அதை விரித்தபோது நமக்கு மனம் சுருங்கிற்று. வீட்டின் அகலம் 18 அடி. அதில் 14 அடி அகலத்துக்கு, தெருவை நோக்கிய முன்சரிவில், தட்டைக் கூரையோடு கூடிய ஒரு பெட்டி. அதன் உச்சி முகட்டுவளைக்கு மேலே எழும்பியிருந்தது. அதன் முகம் கீழ்ச்சுவரின் நேர்மேலே வந்து, இறவாரக் கோட்டை அறுத்திருந்தது. கீழே மூன்று உயர்ந்த மரச் சன்னல்கள், தகடுவைத்த கதவுகளோடு. மேலே அகன்ற அலுமினியக் கண்ணாடி. அந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகளுக்கும் இறவாரம் ஒரே கோடாக ஓடுகிறது. அந்தக் கோடு இந்த ஒரு வீட்டில் உடைந்துவிடும்.

ஒப்பந்தக்காரரின் வாதம், அறைக்கு வெளிச்சம் வேண்டும் என்பது. நம் நாட்டு 1984ஆம் ஆண்டுச் சீர்மைக் கட்டட விதிகள், குடியிருப்பு அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னற்பரப்பும், 5 விழுக்காட்டுக்குக் குறையாத காற்றுவழியும் வேண்டும் என்கின்றன. அறை 12 சதுர மீட்டர். அப்படியானால் வேண்டியது 1.2 சதுர மீட்டர். 60 சென்டிமீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உடைய சன்னல்கள் இரண்டு போதும். கணக்கைத் தாளில் போட்டு மாணவரிடம் காட்டினோம். 14 அடிப் பெட்டியை எந்த விதியும் கேட்கவில்லை. அதை அவ்வளவு பெரிதாக வரைந்தது பழக்கம்.

பின்னர் மரவேலை அறிந்த முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு பரணில் ஏறினோம். அங்கேதான் பெரிய செய்தி இருந்தது. கடைவீட்டுக் கூரையின் எடையைத் தாங்குவன, ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவர் வரை படுக்கையாகச் செல்லும் மரவிட்டங்கள். அவற்றின் மேலேதான் கைமரமும் சட்டமும் ஓடும் கிடக்கின்றன. கைமரத்தை வெட்டினால் பக்கத்துக் கைமரங்களை இரட்டித்துச் சமாளிக்கலாம். விட்டத்தை வெட்டினால் இரு சுவர்களையும் கட்டிப் பிடித்திருக்கும் கை ஒன்று போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரின் சுவரும் அதே சுவர்தான். 14 அடிப் பெட்டிக்காக இரண்டு விட்டங்களை அறுக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் அது ஒரு புள்ளிக்கோடாக மட்டுமே இருந்தது. இரண்டு விட்டங்களுக்கு இடைப்பட்ட வெளியில் அடங்குமாறு மூக்கைச் சிறியதாக வைத்தால் எந்த விட்டத்தையும் தொட வேண்டாம். சிறுமை இங்கே அழகுக்கு மட்டும் உரியதன்று.

முதியவரும் நாமும் மாணவரும் சேர்ந்து முடிவு செய்தவற்றைச் சொல்கிறோம். சாளரங்கள் பின்சரிவில், நடுமுற்றத்தை நோக்கி நிற்கும்; தெருவுக்குத் தெரியா. ஒன்றாக இல்லாமல் இரண்டு; கீழ்மாடியின் பின்சுவர்ச் சன்னல்கள் இரண்டின் நேர்மேலே, அவற்றைவிட அகலம் குறைந்தவை. அவற்றின் உச்சி முகட்டுவளைக்கு ஓரடிக்கு மேல் தாழ்ந்திருக்கும். முகம் இறவாரத்திலிருந்து உள்வாங்கி, முன்னே இரண்டு வரிசை ஓடுகள் தடையின்றி ஓடும்படி இருக்கும். மேற்கூரை தட்டையாக இராது. வீட்டுக்கூரை இருபுறச் சரிவு, ஆகவே குட்டிக் கூரையும் இருபுறச் சரிவு, அதே சாய்வு, அதே மண் ஓடு. பக்கச் சுவர்களைச் செங்கல்லால் கட்டினால் தடித்துத் தோன்றும், எடையும் கூடும். எனவே மெல்லிய மரப்பலகை. சன்னலில் கண்ணாடிக்குக் கீழே சாய்தகடுகள். காலதர் என்ற பெயருக்கு அதுவே நியாயம்.

திசையும் வாய்த்தது. பின்சரிவு தெற்கு நோக்கியது. இந்த ஊரில் ஞாயிறு ஆண்டில் பாதி வடக்கிலும் பாதி தெற்கிலும் உச்சிக்கு அருகே செல்வதால், வடக்கு தெற்குச் சன்னல்களுக்குச் சிறு இறவாரமே குடையாகும். மேற்குச் சன்னலுக்கு எந்தக் குடையும் போதாது.

அதை எப்படி அறிந்தோம் என்றால், பட்டறிவால். தொண்ணூறுகளில் நம் சொந்த வீட்டுக் கூரையில், மேற்குச் சரிவில், ஒரு பெரிய சாளரம் வைத்தோம். நூல்களுக்கு ஓர் அறை வேண்டும் என்ற ஆசை. பிற்பகல் 3 மணிக்கு அந்த அறையில் அமர முடியவில்லை. அடுத்து மழை. ஜொகூரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அத்தனை நீரும் இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தின் வழியே இறங்க வேண்டும். வேலை செய்தவர் அந்தப் பள்ளத்தில் தகடு பதிக்காமல் சிமெண்டுச் சாந்தைப் பூசிவிட்டார். வெயிலில் மரம் சுருங்கும், மழையில் பருக்கும். சாந்து அசையாது, ஆகவே வெடிக்கும். இரண்டாம் ஆண்டில் நன்னூல் உரை ஒன்றின் பழைய பதிப்பு நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. சாளரத்தை எடுத்து ஓட்டை மூடினோம். குறை கேட்காமல் விட்ட நம்முடையதும்தான். ஆகவே மாணவர் வீட்டு வேலையில் ஈயத் தகட்டுக்கு மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டுக்கு அடியில் நன்கு உள்ளே சென்று, பக்கச் சுவரிலும் மேலேறி மடிந்திருக்க வேண்டும். ஒரே நீளமாக இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய துண்டுகளாக இருந்தால்தான் வெப்பத்தில் நெளியாது.

“இதையெல்லாம் அரசு கட்டாயப்படுத்துமா?” என்று மாணவர் கேட்டார். 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் கூரையை மாற்றக் கூடாது. அது பாதுகாப்பைக் கேட்கும். சாயலைக் கேட்பது அரிது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் பதிவேட்டில் ஏறிய கட்டடங்களைக் காக்கும். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் உலக மரபுச் சின்னங்களாயின. அங்கே தனி நெறிகள் உண்டு. சிங்கப்பூரில் குட்டி இந்தியா 1989இலேயே காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே நகர மறுசீரமைப்பு ஆணையம் கடைவீட்டின் கூரை, பொதுச்சுவர், மரச்சட்டங்கள், நடுமுற்றம், சன்னல், படிக்கட்டு, முகப்பு என்று உறுப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுக் காக்கிறது. பெயர் உள்ள உறுப்பைத்தான் சட்டம் காக்க முடிகிறது என்பதை மொழி மன்றத்தார் கவனிக்க வேண்டுகிறோம். பதிவேட்டில் ஏறாத, சிறு நகரத்துக் கடைவீடுகளோ நாட்டில் மிகப் பல. அவற்றுக்கு அவற்றின் உரிமையாளரே காவல். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்ட பின் ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் எத்தனை குடும்பங்கள் வெளியேறின என்பதைப் பினாங்கு நண்பர்கள் சொல்வார்கள்.

புதியதைப் பழையதுபோலவே ஏமாற்றிச் செய்யலாமா என்றும் ஒரு கேள்வி உண்டு. 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயம், சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்கிறது. அதே வேளையில் கட்டடத்தின் சமநிலையைக் குலைக்கக் கூடாது என்கிறது. இலக்கணம் படித்தவர்க்கு இது புதிதன்று. வடசொல் தமிழுக்குள் வரும்போது அயல் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. வந்த சொல் வந்த சொல்லாகவே அறியப்படும். ஆனால் நம் நாவில் நிற்கும். மாணவர் வீட்டுச் சாளரத்தில் பூவேலைப்பாடு எதுவும் வைக்கவில்லை. பழைய சன்னலின் பூக்களைப் போலி செய்ய வேண்டாம் என்று முதியவரே சொன்னார். மரச்சட்டம் நேர்க்கோடாகவே இருக்கிறது. உள்ளே ஒரு சட்டத்தில் ஆண்டை மட்டும் உளியால் எழுதினார்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினோம். ‘கூரை மூக்கு’ என்று எழுதுவதா, ‘கூரைக் கூடு’ என்று எழுதுவதா என்று நமக்குள் தயக்கம். கூடு என்றால் குருவிக்கூடு என்று கொள்வர். மாடம் என்றால் விளக்குமாடமோ புறாமாடமோ என்று மயங்குவர். நாசி இன்று மருத்துவர் சொல். இறுதியில் ‘கூரைமுகப்பு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு படமும் வரைந்தோம். அம்மையார் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு முழுதும் படித்தார். “விட்டத்தை வெட்டலையே?” என்று கேட்டார். இல்லை என்றோம். கடைவீட்டில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்க்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. பிறகு முகப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘மூக்கு’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவர் திருத்தத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். மன்றத்தின் கலைச்சொற்குழு ஏற்குமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

வேலை இவ்வாண்டு தொடக்கத்தில் முடிந்தது. மூக்கின்மேல் போட்ட புதிய ஓடுகள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. பாசி படிய இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். பிள்ளைகள் மூவரும் மேலே படிக்கிறார்கள். வீட்டை விற்கும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

இங்கே வந்துள்ள ஆசிரியர்கள் தங்கள் மாணவரை ஒரு நாள் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று, முகட்டுவளை, கைமரம், விட்டம், இறவாரம் ஆகியவற்றை அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லலாம். அஞ்சடியில் நின்றால் வெயிலும் படாது.  கேள்விகள் இருப்பின் கேளுங்கள்.